கோயில் கூட்டமும் குற்றக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்தி குறைந்ததால்தான் கொலையும் கொள்ளையும் பெருகிவிட்டன என்று ஒரு வாசகர் எழுதியதையும், சிறையில் நாத்திகர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள் என மறுவாரம் இன்னொருவர் பதில் கொடுத்ததையும் உங்கள் இதழில் படித்தேன். இருவருக்கும் கோபம் நியாயமாக இருக்கலாம். கணக்கு இருவருக்குமே தப்பு. நான் சென்னையில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் 31 வருடம் வேலை பார்த்து பெஞ்ச் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். பிரதோஷம் தவறாமல் கபாலி கோயிலுக்குப் போகிறவனும்கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ எந்தக் கட்சி என்று கேட்பார்கள்.

பக்தி எங்கே குறைந்தது? பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் காவி கட்டி நடந்தே வருகிறார்கள். இரண்டு இடத்திலும் போலீஸ் மைக்கில் ஒரே பேச்சு, நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. போன வருடம் ஒரு பெண் காவலர் என் மனைவியை நிறுத்தி, சங்கிலியைப் புடவையோடு சேர்த்து ஊக்கு குத்தச் சொன்னார். எதிரே சாமி வந்துகொண்டிருந்தது. சங்கிலி அறுக்க வந்தவனும் அப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நின்றிருப்பான்.

சினிமாவில் காட்டுகிற மாதிரி கீதையின் மேல் கை வைப்பதெல்லாம் நிஜக் கோர்ட்டில் கிடையாது. 1969ஆம் வருடத்துச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். சட்டத்துக்கு இரண்டும் ஒரே எடை. அந்த வாசகத்தைச் சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கூண்டேறிய அநேகமாக எல்லோரும் கடவுளைத்தான் கூப்பிட்டார்கள். நெற்றி நிறைய விபூதியோடு வந்து, ஆணையிட்ட வாயின் ஈரம் காய்வதற்குள் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பிறழ் சாட்சியானவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருவரை வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். "சாமி மன்னிச்சிடும் சார். அவனுங்க எங்க எதிர் வீட்ல இருக்கானுங்க" என்றார். அவருடைய நம்பிக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பயந்ததிலும் தப்பு சொல்ல மாட்டேன்.

கொலைகளையே எடுத்துக்கொள்வோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022இல் நாடு முழுக்க 28,522 கொலை வழக்குகள். அவற்றில் தகராறில் நடந்தவை 9,962. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884தான். கட்டுகளைப் புரட்டிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் போவது, குடிக்கிற இடத்தில் யார் யாரை என்ன சொன்னான், இப்படித்தான் ஆரம்பிக்கும். கை ஓங்கிய அந்த நிமிஷத்தில் யாருக்கும் நரகம் ஞாபகத்துக்கு வந்ததாக எந்த வாக்குமூலத்திலும் நான் படித்ததில்லை.

இப்போது 2020. மார்ச் கடைசியில் மூடிய கோயில்களில், தமிழ்நாட்டில் பெரியவை செப்டம்பரில்தான் திறந்தன. மசூதியும் சர்ச்சும் அப்படியே. பக்தி குறைந்தால் திருட்டு கூடும் என்றால் அந்த வருடம் நாடே சூறையாடப்பட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2019இல் 6.75 லட்சமாக இருந்த திருட்டு வழக்குகள் 4.93 லட்சமாகக் குறைந்தன. எல்லோரும் வீட்டில் இருந்தால் திருடன் எங்கே நுழைவான்? வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் மொத்தக் குற்றங்கள் 28 சதவீதம் கூடிவிட்டன. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல், அரசு உத்தரவை மீறியதாக இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகள் அப்படி. 29 ஆயிரமாக இருந்தது 6.12 லட்சமானது. பால் வாங்கப் போனவனும் அந்தக் குற்ற எண்ணிக்கையில் இருக்கிறான். இந்த எண்ணை வைத்துக்கொண்டு நாட்டின் ஒழுக்கத்தை எடை போடுவதா?

சிறையைக் காட்டிய நண்பருக்கு ஒரு வார்த்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 121 கோடிப் பேரில் மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம்தான். ஊரில் எல்லோரும் சோறு தின்கிறவர்கள் என்றால் ஜெயிலிலும் சோறு தின்கிறவர்கள்தான் இருப்பார்கள். அதற்காகச் சோற்றின் மேல் பழி போடுவார்களா?

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடாரில் 2015இல் லட்சம் பேருக்கு நூறுக்கு மேல் கொலைகள் நடந்தன. 2024இல் இரண்டுக்கும் கீழே. சர்ச்சுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2022இல் அவசரநிலை அறிவித்துப் பல்லாயிரம் பேரை உள்ளே தள்ளினார்கள், ஒன்றும் செய்யாதவர்களையும் சேர்த்து. அந்த வழியை நான் மெச்சவில்லை.

அதற்காக பக்தியால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் தெருவில் ஓர் ஆட்டோக்காரர். சாயங்காலம் ஆனால் டாஸ்மாக், ராத்திரி ஆனால் வீட்டில் சத்தம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுவிட்டால் ஆளே வேறு. டீக்கடையில் "சாமி, டீ எடுத்துக்கோங்க" என்பார்கள்; குடிக்கிற சகாக்களே அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். மண்டலம் முழுக்க அவர் மனைவி முகம் தெளிவாக இருக்கும். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினால், இரண்டு நாளில் பழைய சத்தம் கேட்கும். ஐயப்பன் தை மாதமும் அங்கேதான் இருக்கிறார். தெருதான் அவரை "சாமி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறது.

இதைச் சொன்னபோது, சமூகவியல் படித்த என் மகள் அமெரிக்க ஆய்வு ஒன்றைச் சொன்னாள். 1969இல் ஹிர்ஷி, ஸ்டார்க் என்ற இருவர் கலிபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவனுக்கும் போகாதவனுக்கும் குறும்பிலும் திருட்டிலும் வித்தியாசமே தெரியவில்லை. சுற்றியிருக்கிறவர்களில் பெரும்பாலோர் சர்ச்சுக்குப் போகிற ஊர்களில்தான் வித்தியாசம் தெரிகிறது என்று ஸ்டார்க்கே பின்னாளில் எழுதினாராம். எங்கள் ஆட்டோக்காரரைப் பார்த்திருந்தால் அவருக்குச் சீக்கிரமே புரிந்திருக்கும்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் பார்த்த அரசன் பத்து வருடம் வாய்தா கொடுத்தவன். தெய்வத்தைவிட நிதானம். மாட்டினாலும் இப்போதைக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவனிடம் பக்தி இல்லையே என்று நாம் வருத்தப்படுகிறோம்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருடம் முன்பு பேருந்து நிறுத்தத்தில் என் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். காவல் நிலையத்தில் புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை போடவில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. சொல்லிப் பார்த்தேன், உட்காரச் சொன்னார்கள். எஃப்.ஐ.ஆர். ஆனதுதான் கணக்கில் ஏறும். ஆக, என் கைபேசி எந்தக் குற்றக் கணக்கிலும் இல்லை. சென்னையில் குற்றம் கூடியது, குறைந்தது என்று அடுத்த முறை நீங்கள் செய்தி போடும்போது, அந்த வருடம் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதுகள் எத்தனை, அவற்றில் எஃப்.ஐ.ஆர். ஆனவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை-4.