முந்திக்கொள்ளும் பையன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், குடும்பத்தோடு வந்துவிடுகிறோம்.

சரி, உன் ஆறாம் வகுப்பில் படிக்கும் அந்த மாணவன் விஷயம். கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துகிறான், சத்துணவு வரிசையில் புகுந்துவிடுகிறான், எல்லாம் திமிர் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'கொஞ்சம் பொறு' என்று நம்மைத் தடுக்கும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக வளர இருபது வயதும் தாண்டிவிடும். பதினோரு வயதில் முந்திரிக்கொட்டையாக இருப்பது பெரிய அதிசயமில்லை.

மார்ஷ்மெல்லோ சோதனையைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பாய். இந்த மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இரண்டு தருகிறேன் என்பார்களே, அதுதான். எனக்கு அதைவிட, 2013இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வெளிவந்த ஆய்வுதான் பிடிக்கும். முதலில் படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், மீதிப் பேரிடம் கைவிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் மிட்டாயை வைத்தபோது, ஏமாந்தவர்கள் சராசரியாக 3 நிமிடம்தான் பொறுத்தார்கள். மற்றவர்கள் 12 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் நம் வகுப்பறையைப் பார்த்தே செய்தது போல இருக்கிறது.

அந்தப் பையன் ஒழுங்காகக் கை தூக்கிய நாளில் என்ன நடந்தது? 'அப்புறம் கேட்கிறேன்' என்றிருப்பாய், மணி அடித்திருக்கும். கத்தினால்தான் சாருக்குக் காது கேட்கும் என்று அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் கணக்கைப் பொய்யாக்க உன்னால்தான் முடியும். 'அடுத்தது நீ' என்று சொன்னால் அடுத்து அவனையே கேள், ஒரு தடவைகூடத் தவறாமல். கேள்வி கேட்டதும் மூன்று விநாடி சும்மா நில். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அம்மையார் வகுப்புகளில் கவனித்தது: ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லையாம், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். அவசரக்குடுக்கை அவன் மட்டுமில்லை, பார்த்தாயா! அந்த மூன்று விநாடியில் பதிலை நோட்டில் எழுதச் சொன்னால் அவன் கைக்கும் வேலை கிடைக்கும்.

சத்துணவு வரிசைக்கு மணி அடிக்கும் முன்பே அவனைக் கூப்பிட்டு, 'முன்னால் நிற்பவன் நகர்ந்தால்தான் நான் நகர்வேன்' என்று அவன் வாயாலேயே சொல்ல வை. வரிசையில் நின்றபின் அதட்டிப் பயனில்லை.

முட்டி போட வைக்கச் சொன்னாராமே உங்கள் தலைமையாசிரியர்? கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டத்தை விடு, முட்டி போட்ட இடத்திலிருந்தே அவன் நாலு பேரைச் சிரிக்க வைப்பான்.

வீட்டிலும் இப்படித்தானா, எத்தனை மாதமாக என்று அவன் அம்மாவிடம் கேட்டுப் பார். வெகுநாளாக எல்லா இடத்திலும் இதே கதை என்றால், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் சொல். இது இன்ன குறைபாடு என்று நாமாக ஒரு பெயர் வைத்துவிடக் கூடாது.

அடுத்த வாரம் இங்கே அதிகாரிகள் ஆய்வு, பதிவேடுகள் அப்படியே கிடக்கின்றன. பையன் எப்படி இருக்கிறான் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்