மாம்பழத் தோலில் கரும்புள்ளி, கொட்டைக்குள் வண்டு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கிவிடும். தோலில் கரும்புள்ளி, கொட்டையை உடைத்தால் உள்ளே ஒரு வண்டு, வாங்கும்போது மஞ்சளாக இருந்த மாம்பழக் கூழ் இப்போது பழுப்பு. விலையைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் போடுவதைவிட, எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பெட்டியின் மேல் இருக்கும் ஆர்கானிக் முத்திரை, அந்தக் காய் எப்படி விளைந்தது என்பதற்கான சான்று. பழம் இனிக்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. மருந்தடிக்காத தோப்பில் விளைந்த காயை முற்றுவதற்கு முன்னால் பறித்தால் அதுவும் வெம்பித்தான் போகும். வாயில் வைத்தால் புளிப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். இது தெரியாமல் "ஆர்கானிக் என்றாலே ருசி" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி விற்பதில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் பெரும்பாலான தோப்புகள் குத்தகைக்குப் போகின்றன. குத்தகைக்காரருக்கு முதல் வாரத்து விலைதான் கணக்கு. மரத்தில் இருப்பதை ஒரே மூச்சில் இறக்கிவிடுவார். காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லையே, ஒரே கொத்தில்கூட முன்பின்னாகத்தான் முற்றும். எங்களுக்குப் பழம் தரும் விவசாயிகள் தோப்பைக் குத்தகைக்கு விடாமல் தாங்களே பறிக்கிறார்கள். காம்பைச் சுற்றித் தோள் எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழிக்குள் இறங்கியிருந்தால் காய் தயார். சந்தேகம் இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மாவுச்சத்து ஏற ஏறக் காயின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் கூடிவிடுவதால் அப்படி. ஆராய்ச்சி நிலையங்களும் இதே சோதனையைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

அப்புறம் பால். காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீய்ச்சி அடித்துத் தோலில் வழியும். அது பட்ட இடம் ஓரிரு நாளில் வெந்ததுபோல் கறுத்துப்போகும். அதனால் காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, பிறகு நிழலில் காயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடிய விடுகிறார்கள். காற்றில் கிளை உரசிய தழும்பும் பால் பட்ட தழும்பும் தோலோடு நின்றுவிடும், சதைக்குள் இறங்காது. உங்களில் சிலர் அனுப்பிய படங்களில் இருந்தது இதுதான்.

கரும்புள்ளியில் இரண்டு வகை உண்டு. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போகிற கறுப்பு, தத்துப்பூச்சி விடும் இனிப்புக் கசிவின் மேல் வளர்ந்த பூசணம். கழுவிவிட்டுச் சாப்பிடலாம். துடைத்தும் போகாமல், பழம் கனியக் கனியப் பெரிதாகி, விரல் வைத்தால் அமுங்குகிற புள்ளி என்றால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். பூக்கும் காலத்து மழையிலோ பனியிலோ உள்ளே புகுந்து, காய் பச்சையாக இருக்கும்வரை தூங்கிக் கிடந்து, பழுக்கும்போது விழித்துக்கொள்ளும். பூஞ்சைக்கொல்லி அடிக்காத தோப்பில் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், மறைப்பதற்கில்லை. இதற்கு மருந்தில்லாத வழி ஒன்று இருக்கிறது. பறித்த காயை 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் வரை முக்கி எடுப்பது. சூடு கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பூஞ்சை சாகாது. அதனால் வெப்பமானியைத் தொட்டியை விட்டு எடுப்பதே இல்லை. நோய் முழுதாக ஒழிந்துவிடாது, வெகுவாகக் குறையும்.

வண்டு விஷயத்துக்கு வருவோம். பழத்தில் ஓட்டை இல்லை, சதை சுத்தமாக இருக்கிறது, கொட்டையைப் பிளந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு கூன்வண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அருவருப்பாகத்தான் இருக்கும். காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தாய் வண்டு தோலைக் கீறி முட்டை வைத்துவிடும். புழு உள்ளே போய்க் கொட்டைக்குள் குடியேறும். காய் பெருக்கப் பெருக்க, வந்த வழி தூர்ந்துவிடும். அதனால் வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும், ஆனால் பெட்டிப் பெட்டியாக மாம்பழத்துக்கு எக்ஸ்ரே எடுக்க எங்களுக்கு வசதியில்லை. இந்த வண்டால் உங்களுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. சதையைத் தாராளமாகச் சாப்பிடலாம். நீலம், பெங்களூரா வகைகளில் இதன் தொல்லை அதிகம்.

வண்டை ஒழிக்க எங்கள் விவசாயிகளிடம் இருக்கும் ஆயுதம் சுத்தம்தான். கொட்டையிலிருந்து வெளிவரும் வண்டு மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருந்து அடுத்த பூப்பு வரை காத்திருக்கும். அதனால் உதிர்ந்த காயையும் தின்று போட்ட கொட்டையையும் தோப்பில் விட்டால் அடுத்த வருடத்துக்கு வண்டை நாமே வளர்ப்பதாக ஆகிவிடும். பழ ஈயும் இப்படித்தான், விழுந்து அழுகும் பழத்திலிருந்து பெருகும். தோலும் கொட்டையும் எங்கே போகிறது என்ற கேள்வி எங்களுக்கு முக்கியமாக இருப்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் காசு. கூழ் எடுக்கும்போது, வகையைப் பொறுத்து, பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தோலும் கொட்டையுமாகப் போய்விடும். ஒரு கிலோ கூழுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ பழம் பிடிக்கும். "பழத்தைவிடக் கூழ் ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டவர்களுக்கு இதுவே பாதி பதில். அந்தக் கழிவிலிருந்து நாலு காசு வந்தால் கூழ் விலையைக் கொஞ்சம் பிடித்து வைக்கலாம்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தால் மாம்பழக் கழிவு ஒரு புதையல் மாதிரித் தெரியும். தோலில் ஜாம் உறையப் பயன்படும் பெக்டின் இருக்கிறது, மாங்கிஃபெரின் முதலிய பாலிஃபீனால்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்கள் இருக்கின்றன. கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் கோகோ வெண்ணெய்க்கு நெருக்கமான கொழுப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று. எல்லாம் சரிதான். ஆனால் பெக்டின் எடுக்க அமிலம், ஆல்கஹால், காய்ச்சி வடிக்கும் இயந்திரம் எல்லாம் வேண்டும். பருப்புக் கொழுப்பை லாபமாக எடுக்க ஆலைகள் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகின்றன. ஆர்கானிக் விதிகளில் அதற்கு இடமில்லை. செக்கில் ஆட்டினால் கிடைப்பது குறைவு, ஏனென்றால் அந்தப் பருப்பில் கொழுப்பே பத்து சதவீதம் சுற்றித்தான். எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு இவை இரண்டும் கட்டாது.

எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். நல்ல கொட்டைகளைக் கழுவி, ஈரம் முழுதாகப் போவதற்குள் நாற்றங்கால்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். சந்தூர்ப் பக்கம் ஒட்டு மாங்கன்று உற்பத்தி செய்பவர்களுக்கு, ஒட்டுக் கட்ட அடியில் வளர்க்கும் வேர்ச்செடிக்குக் கொட்டை வேண்டும். மாங்கொட்டை நெல் விதைபோல மூட்டை கட்டி வைக்கிற சரக்கு இல்லை. காய்ந்தால் முளைப்பு போய்விடும், சில வாரங்களுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். வண்டு விழுந்த கொட்டைகளைப் பிளந்து, காயவைத்து அடுப்புக்குப் போட்டுவிடுகிறோம்.

தோல் மாட்டுக்குப் போகிறது, அதிலும் அளவு உண்டு. இனிப்பு மிகுந்த தோலை ஒரேயடியாக அள்ளிப் போட்டால் மாட்டின் வயிறு புளித்துப்போகும். வைக்கோலோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். மிச்சம் காய்ந்த சருகோடு சேர்ந்து மக்கு உரமாகித் தோப்புக்கே திரும்புகிறது. மருந்தடிக்காமல் விளைவித்ததன் பலன் எங்களுக்கு நேரடியாகத் தெரிவது இங்கேதான். தெளித்த மருந்து பெரும்பாலும் தோலில்தான் தங்கும். மருந்தடித்த பழத்தின் தோலை மாட்டுக்கும் மண்புழுவுக்கும் யோசிக்காமல் போட முடியாது. எங்கள் பழத்தில் அந்த யோசனை தேவையில்லை. தோலோடு கடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வோம். ஆனால் மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோல் பட்டால் உதடு அரிக்கும் என்பவர்கள் சீவிவிட்டே சாப்பிடுங்கள்.

காற்றில் உதிரும் பச்சை மாங்காய் இன்னொரு கதை. அதை நறுக்கி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வற்றலாக்குகிறோம். குழம்பில் புளிக்குப் பதிலாகப் போட்டுப் பாருங்கள்.

கூழ் பழுப்பாவது பற்றி. பழத்தை அறுத்ததும் அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து நிறத்தை மாற்றத் தொடங்கும். கூழைச் சூடாக்கும்போது அந்த நொதி அடங்கிவிடும். மாம்பழக் கூழில் புளிப்பு போதுமான அளவு இருப்பதால் (அதை அளக்கும் பி.ஹெச். எண் 4.6-க்குக் கீழே) கொதிநிலை அளவுச் சூடே கிருமிகளுக்குப் போதும். சூடாக இருக்கும்போதே பாட்டிலில் ஊற்றி மூடிவிடுகிறோம். சாயமோ, கெடாமல் இருக்கப் போடும் பென்சோயேட்டோ சேர்ப்பதில்லை. அதனால் மாதங்கள் போகப் போக நிறம் கொஞ்சம் மங்கும், வெக்கையான சமையலறையில் வேகமாக மங்கும். மங்கிய நிறம் கெட்டுப்போன அடையாளம் இல்லை. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சோடா மாதிரிச் சீறினாலோ அதுதான் கெட்டது. வாயில் வைக்காமல் எங்களுக்கு ஒரு படம் அனுப்புங்கள், வேறு பாட்டில் தருகிறோம். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள்.

"சத்து அதிகமா?" என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறோம். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆர்கானிக் உணவில் சத்து அதிகம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, பூச்சிமருந்து எச்சம் குறைவு என்றார்கள். 2014-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 343 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்தவர்கள், ஆர்கானிக் பயிர்களில் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடுதல் என்று கண்டார்கள். எச்சம் குறைவு என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. எங்கள் பெட்டியில் நாங்கள் சொல்லிக்கொள்வதும் அந்த ஒன்றை மட்டும்தான்.

கார்பைடு கல் பற்றி ஒரு வார்த்தை. கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதித்தது. பழம் தானாகவே வெளியிடுவதும் எத்திலீன்தான். ஆகவே எத்திலீன் அறையில் பழுத்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாங்கள் வைக்கோலில்தான் வைக்கிறோம். ஒரே பெட்டியில் இரண்டு கனிந்தும் நாலு செங்காயாகவும் வருவது அதனால்தான். செங்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கித் தோல் திட்டுத் திட்டாகும், பிறகு சரியாகப் பழுக்காது. கனிந்த பிறகு வைக்கலாம்.

அடுத்த வருடம் இமாம்பசந்த் இவ்வளவு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வாக்குக் கொடுக்க முடியாது. பல மா வகைகள் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும். வேரில் கல்டார் என்ற பூக்கத் தூண்டும் மருந்தை ஊற்றினால் வருடா வருடம் பூக்க வைக்கலாம், ஆனால் அது மண்ணில் நெடுநாள் தங்கும் ரசாயனம். எங்கள் விவசாயிகள் அதைத் தொடுவதில்லை. நீலமும் பெங்களூராவும் வருடந்தோறும் காய்ப்பவை, அவற்றுக்குக் கவலை இல்லை.

நீலம் ஜூன் கடைசியில் தொடங்கும். முன்பதிவு செய்பவர்கள் வகையோடு, எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அதற்கேற்ற பதத்தில் எடுத்து வைக்கிறோம். காலிப் பெட்டியை டெலிவரி தம்பியிடம் கொடுத்தனுப்பினால் அடுத்த பெட்டியின் விலையில் கழித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் மாம்பழக் கடையிலிருந்து