திருகோணமலைக் கப்பலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

செம்பூர், மாட்டுங்கா, தாராவி சொந்தங்களுக்கு,

வணக்கம். பழைய போர்க்கப்பல் ஒன்றின் சின்ன மாதிரியை மரத்தில் கட்டத் தொடங்கி நாலு வருஷமாக என்னை எங்கே பார்த்தாலும் "கப்பல் எந்த மட்டுக்கு வந்திருக்கு?" என்று கேட்டீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கயிற்றையும் கட்டிவிட்டேன். கை கொடுத்தவர்களுக்கு எல்லாரும் அறிய நன்றி சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அசல் கப்பலின் பெயர் திருகோணமலை, ஆங்கிலேயர் வாயில் டிரிங்கமலி. கோட்டைப் பகுதியில் இன்று கடற்படைத் தளம் இருக்கும் இடத்தில், பம்பாய் டாக்யார்டில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா மலபார் தேக்கில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கிய போர்க்கப்பல். இங்கிலாந்தில் ஹார்டில்பூல் ஊரில் இன்றும் தண்ணீரில்தான் நிற்கிறது. நம் மும்பையில் பிறந்து தமிழ் ஊரின் பெயரைச் சுமக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

முதல் நன்றி வரைபடத்துக்கு. திருகோணமலை சேர்ந்த லீடா வகைக் கப்பல்களின் மூலப் படங்கள் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனில் இருக்கும் அக்கா மகள் நகல் வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். அடிக்குக் கால் அங்குலக் கணக்கில் போட்ட படம். அதைப் பாதியாக்கினால் 96-ல் ஒரு பங்கு. அந்த அளவுதான் எங்கள் வீட்டு அலமாரிக்குள் அடங்கும்.

பாதியாக்கக் கொடுத்த கடையில் ஒரு தாள் மட்டும் சுருங்கி வந்துவிட்டது. அது தெரியாமல், கப்பலுக்கு விலா எலும்பு போன்ற வங்குகளில் 14-ஐ அறுத்து முடித்திருந்தேன். அடிமரமான ஏராவில் பொருத்தினால் ஒன்றும் உட்காரவில்லை. எதிர் பிளாக் மாமா, டிராயிங் ஆபீஸிலேயே ஆயுளைக் கழித்தவர், ஸ்கேலோடு வந்தார். அசல் கப்பலின் பீரங்கித் தளம் 150 அடி நாலரை அங்குல நீளம். தாளில் 477 மில்லிமீட்டர் வரவேண்டும். இருந்தது 463. "வரைந்திருக்கிற கோட்டை நம்பாதே தம்பி, எழுதியிருக்கிற அளவை நம்பு" என்றார். அதோடு விடவில்லை. மூன்று வாரம் தினமும் சாயங்காலம் வந்து, பக்கத் தோற்றத்தை முழுக்கத் தன் கையாலேயே மறுபடி வரைந்து கொடுத்தார். அசல் கப்பலுக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடம், 1812 டிசம்பரில் ஜாவா என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்கள் வீழ்த்தியபோது அதோடு போயிற்று. இன்னொரு பிரதி அனுப்ப வேண்டியிருந்தது. மாமா, இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டது எனக்கு மறக்காது.

ஏரா, வங்கு, முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று நான் இன்று வாய் நிறையச் சொல்லும் சொற்கள் தாராவியில் மகன் வீட்டில் இருக்கும் தூத்துக்குடிப் பெரியவர் தந்தவை. தோணி கட்டிய கை. பலகை அடித்த கப்பலின் உடம்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவுவார், "இங்கன ஒரு மேடு இருக்கு" என்பார். இருக்கும். பழைய கதவு நிலையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தேக்குச் சட்டம் சீவிக் கொடுத்த ஆசாரி அண்ணனுக்கும், 28 பீரங்கிகளைப் பித்தளையில் கடைந்து தந்த லேத்துப் பட்டறைத் தம்பிகளுக்கும் நன்றி.

அணியத்தின் வளைவுக்குப் பலகை வளையாமல் படபடவென்று முறிந்துகொண்டிருந்தபோது, பாலக்காட்டு மாமி புட்டுக்குழலைக் கொண்டுவந்து நீட்டினார். சட்டத்தின் நுனியைக் குழலுக்குள் விட்டுப் பத்து நிமிஷம் ஆவி காட்டினால், சுடச்சுட எடுத்து வளைக்கலாம், சொன்னபடி கேட்கும். அந்தக் குழலில் இனி புட்டு அவிக்க முடியாது மாமி. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம், மாட்டுங்கா கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் வடங்களுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்குப் படிப்படியாகக் கயிறு கட்ட வேண்டும். ஒவ்வொரு வடத்திலும் ஒரு முடிச்சு. மூன்று மரத்துக்கும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். கொஞ்சம் இறுக்கினாலும் வடங்கள் உள்ளே இழுபட்டு நடுவில் ஒடுங்கிவிடும், விட்டால் படி தொங்கும். இடுக்கியால் மணிக்கு ஆறு முடிச்சு போட்டுக்கொண்டிருந்தேன். வடங்களை இழுத்துக் கட்டிய சட்டத்தோடு அக்காவிடம் எடுத்துப் போனேன். இடது கட்டைவிரலால் வடத்தை அழுத்திக்கொண்டு, ஆள்காட்டி விரலில் நூலை ஒரு சுண்டு சுண்டி, இரண்டு சுற்றாக மாட்டி இழுத்தார். முல்லை தொடுக்கும் அதே சுண்டு. வடம் அசையவில்லை. "பூ நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது, அம்புட்டுத்தான்" என்றார். முன் மரத்துப் படிகள் முழுக்க அவர் கட்டியவை. பார்த்தால் தனியாகத் தெரியும், அத்தனை ஒழுங்கு.

இரண்டு மழைக்காலம் சாப்பாட்டு மேசையைக் கப்பலுக்கு விட்டுக்கொடுத்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனைவிக்கும் மகனுக்கும் என்ன சொன்னாலும் போதாது.

கடைசியாகப் பத்தர் ஐயா. ஏரா வைக்கும்போது பார்சிகள் வழக்கப்படி வாடியா அதில் வெள்ளி ஆணி அடித்தார் என்று நான் சொன்னதைக் கேட்டு, குண்டூசியைவிடச் சின்னதாக ஒன்று அடித்துக் கொடுத்தீர்கள். வெள்ளிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டீர்கள். அணியத்திலிருந்து மூன்றாவது வங்குக்கு நேர் கீழே இருக்கிறது. மேலே பலகை மூடிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. வரும் ஞாயிறு எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள், இடத்தை விரல் வைத்துக் காட்டுகிறேன்.