மணலுக்குள் கிடந்த கார்

ஸ்வான்சி

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் சுகந்தானே? முட்டி வலிக்கு எண்ணெய் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். பேசாமல் ஒரு டாக்டரிடம் காட்டு. பேரன் இன்னும் நடக்கவில்லை. ஆனால் தவழ்கிற வேகத்தில் அவனைப் பிடிக்கவே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இங்கே வேல்ஸில் இருக்கிற பெண்டைன் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஏழு மைலுக்கு ஒரே மணல். அலை உள்வாங்கியதும் அந்த ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன், குதிகால்கூடப் பதியவில்லை. 1920களில் காரில் வேக சாதனை செய்யக் கிளம்பியவர்கள் இங்கே வந்தது சும்மா இல்லை.

அங்குள்ள மியூசியத்தில்தான் அப்படி ஓடிய 'பாப்ஸ்' என்ற காரைப் பார்த்தேன். பட்டறையில் உன்னோடு கழித்த நாளெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்து லிபர்ட்டி விமான என்ஜின், 12 சிலிண்டர், 27 லிட்டர்! நம் பழைய அம்பாசிடர் என்ஜின் பதினெட்டைச் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். இதை முதலில் கட்டியவர் ஸ்போரோவ்ஸ்கி என்ற பிரபு. கியர்பாக்ஸும் செயினும் போருக்கு முந்தைய பிளிட்சன் பென்ஸ் பந்தயக் காரிலிருந்து எடுத்தவையாம். பணக்காரரும் பழைய சாமானைத் தேடித்தான் போயிருக்கிறார்! அவர் 1924இல் இத்தாலியில் மான்சா கார் பந்தயத்தில் இறந்துபோக, பாரி தாமஸ் என்ற என்ஜினியர் இந்தக் காரை 125 பவுண்டுக்கு வாங்கினார். லேலண்ட் கம்பெனியில் தலைமை என்ஜினியராக இருந்தவர். பிஸ்டனைத் தானே வடிவமைத்து மாற்றினார், பாடியையும் மாற்றிக் கட்டினார். 1926 ஏப்ரலில் இதே மணலில் மணிக்கு 171 மைல் ஓட்டி உலக சாதனை.

மறு வருடம் பிப்ரவரியில், இதே இடத்தில், மால்கம் கேம்பெல் 174க்கு மேல் போய்விட்டார். சாதனையை மீட்கத் தாமஸ் திரும்ப வந்தார். 1927 மார்ச் 3. கார் புரண்டது, ஆள் போய்விட்டார். பின்சக்கரத்தை ஓட்டும் செயின் அறுந்து அவரை அடித்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் பேச்சு. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் பின்சக்கரம்தான் முதலில் உடைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. எது போனாலும் பழியைச் செயின் மேல் போடுவதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

அப்புறம் செய்ததுதான் மனதைப் பிசைகிறது. அந்தக் காரை யாரும் காயலான் கடைக்குப் போடவில்லை. அங்கேயே மணல்மேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள், மனிதரைப் புதைப்பது போல.

நாற்பத்திரண்டு வருடம் கழித்து, 1969இல், ஓவன் வின் ஓவன் என்ற தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் அதைத் தோண்டி எடுத்தார். உப்பும் ஈரமும் தின்றது போக மிச்சம் இருந்ததை வைத்து வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்து, ஓடவும் வைத்துவிட்டார். புதைத்ததைக் கிளறலாமா என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்களாம். பார்ப்பதற்கு முன்னால் நானும் அவர்கள் கட்சிதான். ஆனால் அந்தச் செயின் பக்கத்தில் குனிந்து நின்றபோது கிரீஸ் வாசனை வந்தது பார், அதோடு கட்சி மாறிவிட்டேன்.

உன் அண்ணன் போனதிலிருந்து அந்த ராஜ்தூத் பைக்கைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறாய். யாரையும் தொடவிடுவதில்லை என்று தங்கச்சி போனில் சொல்லிச்சு. செப்டம்பரில் ஊருக்கு வருகிறேன். அதுவரைக்கும் நீயாக எதையும் கழற்றாதே. செயினுக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட்டு வை.

அன்புடன்,
சுந்தரம்