ஏற்காடு ஏரிக்கரையில் உதவிய அம்மையாருக்கு நன்றி

கடந்த மே மாதம் ஏற்காடு ஏரிக்கரையில் மூச்சு வாங்கி நின்றுவிட்ட என் தந்தைக்கு உதவிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் சென்ற பிசியோதெரபிஸ்ட் அம்மையாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளது. சேலத்தில் ஓரளவு சமாளித்துவிடுபவர், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் அதனால் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவதால் விரைவில் களைத்துப்போனார். தாங்கள் அவரைப் படுக்க வைக்காமல், உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் சொல்லி, மூக்கால் இழுத்த மூச்சை, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல, குவித்த உதடுகளின் வழியே இரு மடங்கு நேரம் வெளிவிடக் கற்றுக்கொடுத்தீர்கள். அவ்வாறு விட்டால் மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல், உள்ளே தேங்கிய காற்று வெளியேறும் என்று விளக்கிய பிறகே அவருடைய பயம் தெளிந்தது.

“மூச்சு வாங்குகிறதென்று நடையை விட்டுவிட்டால் கால் தசை வற்றும் ஐயா, தசை வற்றினால் இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும்” என்றீர்கள். நாங்கள் சொன்னால் எதையும் கேட்காதவர், அதைக் கேட்டுக்கொண்டார்! உடற்பயிற்சி கெட்டுப்போன நுரையீரலைச் சரியாக்காது, அதே நுரையீரலோடு கூடுதலாக நடமாட உதவும் என்று பொய் நம்பிக்கை தராமல் பேசியதைப் பெரிதாக மதிக்கிறேன்.

மருத்துவரின் ஒப்புதலோடு அப்பா இப்போது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குச் செல்கிறார். தெருமுனைக் கடைவரை நின்று நின்று நடந்து, நாளிதழைத் தாமே வாங்கி வருகிறார். தங்களை அறிந்தவர்கள் எவரேனும் இதைத் தங்களிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.