ட்ரிப்யூன் கோபுரத்தைப் பொய் என்று எழுதிய மாணவருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சிகாகோவில் ட்ரிப்யூன் பத்திரிகை கட்டிய கோபுரத்தை உங்கள் கட்டுரையில் ‘எஃகுக்குப் போட்ட தேவாலய வேடம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். வேடம்தான், மறுக்கவில்லை. யார் போடச் சொன்ன வேடம் என்று கேட்காமல் விட்டதுதான் குறை.

1922 ஜூன் 10, பத்திரிகை தொடங்கி 75 ஆண்டு நிறைந்த நாள். அன்று கட்டட வடிவமைப்புப் போட்டியை அறிவித்தார்கள். மொத்தம் 1,00,000 டாலர். முதல் பரிசு 50,000, அடுத்தது 20,000, மூன்றாவது 10,000. மிச்சம், தனியாக அழைத்த பத்து அமெரிக்க நிறுவனங்களுக்குத் தலா 2,000. 260க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. கறுப்புக் கிரானைட்டில் ஒரு ராட்சத டோரிக் தூணையே, அதாவது பழங்கிரேக்கக் கோயில் தூணையே, கட்டடமாக வரைந்து அனுப்பினார் கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லூஸ். ஒவ்வொரு வரைபடமும் பத்திரிகைக்கு ஒரு செய்தி. இத்தனை மலிவாக இவ்வளவு விளம்பரம் வேறெப்படிக் கிடைத்திருக்கும்?

அச்சு இயந்திரங்களுக்கு அந்தக் கோபுரம் தேவைப்படவே இல்லை. 1920இலேயே அதே மனையில், பின்புறம், அச்சகம் கட்டிவிட்டார்கள். காகித உருளைகளின் எடை, இயந்திரத்தின் அதிர்வு, விடிவதற்குள் கட்டுகளை வெளியேற்றும் அவசரம் எல்லாம் அந்தக் கட்டடத்தின் கவலை. முன்னால் 1925இல் முடிந்த 462 அடிக் கோபுரம் அலுவலகமும் வாடகைத் தளங்களும்தான். கூடவே ஒரு பெயர்ப்பலகை, அதுவும் கல்லில். தாஜ்மகால், கிசா பிரமிடு, சீனப் பெருஞ்சுவர் என்று உலகெங்கிலுமிருந்து துண்டுகளைக் கொண்டுவரச் செய்து கீழ்ச்சுவரில் பதித்தார் பத்திரிகையின் அதிபர் மெக்கார்மிக். அதுவும் இதே குணம்தான்.

முதல் பரிசு வென்ற கட்டடக்கலைஞர்கள் ஹாவெல்ஸும் ரேமண்ட் ஹூடும் உச்சிக்கு முன்மாதிரியாக எடுத்தது பிரான்ஸில் உள்ள ரூவான் தேவாலயத்தின் ‘வெண்ணெய்க் கோபுர’த்தை. கோதிக் என்னும் இடைக்கால ஐரோப்பிய பாணியில் கட்டிய தேவாலயத்தில் கல் வளைவுக்கூரை சுவரை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கி வெளித்தூணுக்கு இறக்குவதுதான் பறக்கும் முட்டுகளின் வேலை. சிகாகோவில் வளைவுக்கூரையே கிடையாது, தள்ளலும் இல்லை. உச்சியைச் சுற்றி நிற்கும் எட்டு முட்டுகளும் எந்தத் தளத்தையும் தாங்கவில்லை. அவற்றைத்தான் கட்டடம் தாங்குகிறது.

நீங்கள் தொடாத இடம் பராமரிப்பு. எஃகுச் சட்டகத்தின்மேல் சுண்ணாம்புக்கல் போர்த்திய அந்தக் காலத்துக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நோய். சாந்து இணைப்பு வழியே நீர் இறங்கும், உள்ளே கல்லைப் பிடித்திருக்கும் எஃகுக் கோணம் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கல் பிளக்கும். குளிரில் உள்ளே தேங்கிய நீர் உறைந்தால் பிளவு இன்னும் வாய் திறக்கும். வானம் பார்த்த இணைப்புகள்தான் முதலில் போகும். முட்டு, கூர்முனை, செதுக்கல் என்று போகப்போக அப்படிப்பட்ட இணைப்புகள் பெருகும்; நான்கு பக்கமும் காற்று அடிக்கும் உச்சியில் அவற்றை எட்டிப் பழுதுபார்ப்பதும் கடினம். அவசரத்தில் கடினமான சிமென்ட் சாந்தை அடைத்தால் இணைப்பு தப்பும், கல்லின் ஓரம் உடையும். கல்லைவிட மென்மையான சாந்துதான் வேண்டும். வேடத்தின் உண்மையான விலை இதுதான்.

இரண்டாம் பரிசு பெற்ற பின்லாந்துக் கட்டடக்கலைஞர் சாரினனின் வடிவமே மேல் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சிகாகோவின் மூத்த கட்டடக்கலைஞர் லூயி சல்லிவனே 1923இல் அப்படித்தான் எழுதினார். ஆனால் ஹூடுக்குக் கோதிக்கைத் தவிர எதுவும் தெரியாது என்ற உங்கள் வாதம் நிற்காது. 1930இல் நியூயார்க்கில் டெய்லி நியூஸ் பத்திரிகையின் கட்டடத்தை எழுப்பியதும் இதே ஹாவெல்ஸ், ஹூட் இருவர்தான். கட்டச் சொன்னவர் மெக்கார்மிக்கின் உறவினர் ஜோசப் பேட்டர்சன். அங்கே முட்டும் இல்லை, கூர்முனையும் இல்லை. வெள்ளைச் செங்கல் பட்டைகள் நேராக ஏறி, தட்டையாக வெட்டியதுபோல் நின்றுவிடுகின்றன.

1982இல் அச்சு வேறு ஆலைக்குப் போனது. 2018இல் பத்திரிகையும் வெளியேறியது. இப்போது கோபுரத்தில் குடியிருப்புகள். கட்டுரையைத் திருத்தும்போது 1920 அச்சகத்தின் தரைப்படத்தையும் கோபுரத்தின் தரைப்படத்தையும் ஒரே அளவுகோலில் அருகருகே வரைந்து பாருங்கள். பிறகு ‘பொய்’ என்ற சொல்லை எந்தக் கட்டடத்துக்கு வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.