நைட்ரஜன் வந்துவிட்டது என்பதற்காகக் கம்பியை மறக்கலாமா? – பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் பராமரிப்பு நிறுவனங்களின் பயிற்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எரிபொருள் தொட்டிப் பாதுகாப்புப் பயிற்சியை நடத்தும் முறையை நீங்கள் மாற்ற வேண்டும். அதைக் கேட்கவே இந்த மடல். பல இடங்களில் அது கணினித் திரையில் ஓடும் படங்களாகவும், முடிவில் சில கேள்விகளாகவும், ஒரு சான்றிதழாகவும் சுருங்கிவிட்டது. பயிற்சி முடித்தவர்களுக்கு டிடபிள்யூஏ 800 என்ற விமானத்தின் பெயர் தெரிகிறது. அது ஏன் வெடித்தது என்று கேட்டால் "மையத் தொட்டி" (இரு இறக்கைகளுக்கும் நடுவே உள்ள எரிபொருள் தொட்டி) என்பதோடு பதில் நின்றுவிடுகிறது.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட அந்த போயிங் 747, பன்னிரண்டு நிமிடங்களில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் சிதறியது. 230 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மையத் தொட்டியில் அன்று எரிபொருள் ஏறக்குறைய இல்லை. அடியில் தங்கியிருந்த கொஞ்சத்தில் ஒரு பகுதி, தொட்டிக்குக் கீழே நெடுநேரம் ஓடிய குளிர்சாதன இயந்திரங்களின் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்திருந்தது. அந்த ஆவியைப் பற்றவைக்க மிகச் சிறிய மின்பொறியே போதும். பொறி எங்கிருந்து வந்தது என்பது முழு உறுதியுடன் நிறுவப்படவில்லை. தொட்டிக்கு வெளியே நேர்ந்த ஷார்ட் சர்க்யூட், எரிபொருள் அளவைக் காட்டும் கம்பிகள் வழியாக அதிக மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுசென்றிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2000-இல் அமெரிக்க விசாரணை வாரியம் முடிவு கூறியது.

தொட்டிக்கு வெளியே! அங்கே வேலை செய்பவர் யார்? இருக்கைத் திரைக்குப் புதிய கம்பி இழுப்பவர், தாங்கிக்குத் துளை போடுபவர், தரைத்தளத்தைக் கழற்றி மாட்டுபவர். அந்த விசாரணையின்போது சோதிக்கப்பட்ட வேறு விமானங்களின் கம்பிக் கட்டுகளில் துளையிட்ட உலோகச் சீவல்கள் கிடந்தன. தொட்டியைத் திறக்கவே போகாதவருக்குத்தான் இந்தப் பயிற்சி மிக அவசியம். அவருக்குத்தான் அது மிக மேலோட்டமாகக் கிடைக்கிறது.

"இப்போதுதான் நைட்ரஜன் வந்துவிட்டதே" என்ற பேச்சு ஹேங்கர்களில் (விமானக் கொட்டகைகளில்) அடிக்கடி கேட்கிறது. 2008-இல் வந்த அமெரிக்க விதிக்குப் பிறகு நைட்ரஜன் செறிந்த காற்றைத் தொட்டிக்குள் செலுத்தி, ஆவி தீப்பற்றாதபடி ஆக்சிஜனை 12 சதவீதத்துக்குக் கீழே இறக்கும் அமைப்புகள் பரவின. அருமையான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் 737, ஏ320 போன்றவற்றில் அது காப்பது மையத் தொட்டியை மட்டும். அந்த அமைப்பு பழுதானால்கூடக் குறிப்பிட்ட நாட்களுக்கு விமானம் பறக்க அனுமதி உண்டு.

இறக்கைத் தொட்டிக்கு வருவோம். 2006 மே மாதம் பெங்களூரு விமான நிலையத்தில், தரையில் இருந்த ஒரு போயிங் 727-இன் இடது இறக்கைத் தொட்டி வெடித்தது. பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி, அதைச் சுற்றியிருந்த உலோகக் குழாய்க்குள் உராய்ந்து மேலுறை தேய்ந்து பொறி விட்டிருந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. இத்தகைய உராய்வு புதிதும் அல்ல. 1998-இலேயே பழைய 737 விமானங்களில் அதைக் கண்டு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ அவசரச் சோதனைக்கு உத்தரவிட்டிருந்தது. நம் நாட்டில் நடந்த அந்த வெடிப்பை நம் பயிற்சிப் படங்களில் நான் பார்த்ததில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வெப்பமும் நம் பக்கம் இல்லை. 1990-இல் மணிலாவிலும் 2001-இல் பாங்காக்கிலும் 737 விமானங்களின் மையத் தொட்டிகள் தரையில் இருந்தபோதே வெடித்தன. ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் பற்றுநிலை (அதன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை) குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. அக்கினி நட்சத்திரத்தில் சென்னையின் காற்றே அதைத் தாண்டிவிடும்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். தேய்ந்த கம்பியையும் கருகிய குழாயையும் வகுப்புக்குக் கொண்டுவந்து கையில் கொடுங்கள். ஜாப் கார்டில் (வேலைப் படிகள் எழுதிய தாளில்) சிடிசிசிஎல், அதாவது தொட்டிப் பாதுகாப்புக்காக மாற்றவே கூடாத வடிவமைப்பு அம்சம், என்று முத்திரையிட்ட ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், அது ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். "அளவுமானிக் கம்பிக்கும் மின்விநியோகக் கம்பிக்கும் இடைவெளி விடுக" என்று மட்டும் இருந்தால், விடியற்காலை மூன்று மணிக்கு, விமானத்தை ஆறு மணிக்குள் ஒப்படைக்க வேண்டிய நெருக்கடியில், இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும் கை இருக்கத்தான் செய்யும். காரணம் தெரிந்தவர் அப்படிக் கட்டமாட்டார். தமிழில் பேசி வேலை செய்யும் குழுவுக்கு அந்தக் காரணத்தைத் தமிழிலேயே விளக்குங்கள்; கையேடு ஆங்கிலத்தில் இருப்பது அதற்குத் தடையல்ல.

கேபினுக்குள் பராமரிப்பு வேலை செய்பவர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் அடுத்த வகுப்பிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளைப் பிறகு திருத்தலாம். முதலில் பெங்களூரு சம்பவத்தைப் பாடத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பராமரிப்புப் பொறியாளர்